கம்பிக்குள் ஓடுவது எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சுவிட்சைத் தட்டிய மாத்திரத்தில் விளக்கு எரிகிறது. மின்சாரம் ஒளியின் வேகத்தில் பாய்கிறது என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். ஒன்பதாவது படிக்கும் என் மகளோ, "எலக்ட்ரான் நத்தையை விட மெதுவாம்மா, எங்க டீச்சர் சொன்னாங்க" என்கிறாள். இரண்டில் எது உண்மை?

பதில்: மகள் சொன்னது சரி. நீங்கள் நம்பியதும் ஏறக்குறைய சரிதான். சண்டை உங்கள் இருவருக்கும் நடுவில் இல்லை, 'மின்சாரம்' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. கம்பிக்குள் நகரும் எலக்ட்ரானையும் மின்சாரம் என்கிறோம். அந்த எலக்ட்ரான்களை நகரச் சொல்லி ஓடும் உந்துதலையும் மின்சாரம் என்கிறோம். விளக்கில் வெளிச்சமாக வந்து சேரும் ஆற்றலுக்கும் அதே பெயர். எது ஓடுகிறது என்று முதலில் கேட்டுக்கொண்டால், எவ்வளவு வேகம் என்ற கேள்விக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

நம்மில் பெரும்பாலோர் மனதில் இருக்கும் படம் காலியான குழாய். சுவிட்ச் போட்டதும் எங்கிருந்தோ மின்சாரம் புறப்பட்டுக் குழாய்க்குள் பாய்ந்து விளக்குக்கு வருகிறது என்று நினைக்கிறோம். இந்தப் படத்தை விட்டுவிட வேண்டும். கம்பி காலியாக இருப்பதே இல்லை. கடையில் சுருட்டி வைத்திருக்கும்போதும், சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் செம்பு முழுக்க எலக்ட்ரான்கள் நிறைந்தே இருக்கின்றன. ஒரு கன மில்லிமீட்டர் செம்பில், அதாவது ஒரு கடுகு அளவுகூட இல்லாத துணுக்கில், நகரக்கூடிய எலக்ட்ரான்கள் எத்தனை தெரியுமா? 85 என்று எழுதி அதன் பின்னால் 18 சுழியங்கள் போட வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் என்றால், கம்பியின் ஓர் இடத்தை ஒரு வினாடியில் கடக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை சுமார் 6-க்குப் பின்னால் 18 சுழியங்கள். கம்பியின் குறுக்குப் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள்ளேயே 85-க்குப் பின் 18 சுழியங்கள் எலக்ட்ரான்கள் காத்திருக்கின்றன. அவற்றில் 6 பங்கு கடந்தால் போதும். 6-ஐ 85-ஆல் வகுத்தால் 0.07. ஆக, அந்தக் கூட்டம் ஒரு வினாடிக்கு 0.07 மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒரு ஆம்பியர் கிடைத்துவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 26 சென்டிமீட்டர் சொச்சம். ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம். நத்தை இதைவிடப் பல மடங்கு வேகமாக ஊர்ந்துவிடும். டீச்சர் கொஞ்சமும் மிகைப்படுத்தவில்லை.

அப்படியானால் எலக்ட்ரான் சோம்பேறியா? அதுவும் இல்லை. மின்னோட்டமே இல்லாத கம்பியில்கூட ஒவ்வொரு எலக்ட்ரானும் வினாடிக்கு 1,500 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் திசை தெரியாமல் அலைந்துகொண்டிருக்கிறது. ஒன்று இந்தப் பக்கம் போனால் இன்னொன்று அந்தப் பக்கம் போகும்; மொத்தத்தில் எங்கும் போய்ச் சேருவதில்லை. விளக்கைச் சுற்றிப் பறக்கும் ஈசல் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஈசலும் தலைதெறிக்கப் பறக்கிறது, கூட்டம் அதே இடத்தில் நிற்கிறது. மெல்லிய காற்று வீசினால் கூட்டம் முழுதும் ஒரு பக்கம் லேசாக நகரும். அந்த லேசான நகர்வுதான் நாம் கணக்குப் போட்ட 0.07 மில்லிமீட்டர்.

சரி, விளக்கு எப்படி உடனே எரிகிறது? சைக்கிள் சங்கிலியைப் பாருங்கள். பெடலை மிதித்த கணமே பின் சக்கரம் சுழலத் தொடங்குகிறது. பெடல் பக்கம் இருந்த கண்ணி இன்னும் பின் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை, போகவும் வேண்டியதில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு கண்ணி இருக்கிறது, அது நகர்ந்தால் போதும். உங்கள் விளக்கை எரிய வைப்பது விளக்குக்குள்ளேயே இருக்கும் எலக்ட்ரான்கள். 'நகரு' என்ற செய்தி மட்டும்தான் சுவிட்சிலிருந்து ஓடி வருகிறது. பத்து மீட்டர் கம்பியில் அந்தச் செய்தி வந்து சேர எடுத்துக்கொள்வது ஒரு வினாடியின் 2 கோடியில் ஒரு பங்கு.

ஓர் இடத்தில் மட்டும் சங்கிலி உவமை நொண்டுகிறது. சங்கிலியில் கண்ணி கண்ணியைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் எஃகில் வினாடிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். கம்பியில் எலக்ட்ரான் எலக்ட்ரானை இடித்துத் தள்ளிச் செய்தி போவதில்லை. கம்பியைச் சுற்றி இருக்கும் மின்புலம், அதாவது மின்விசை எட்டும் வெளி, அலையாக ஓடுகிறது. அதனால்தான் வேகம் லட்சம் கிலோமீட்டர் கணக்கில் வருகிறது. இந்த 'சுற்றி' என்ற சொல்லை நினைவில் வைத்திருங்கள், அடுத்த பதிலில் வேலை இருக்கிறது.

கேள்வி: லட்சம் கிலோமீட்டர் வேகம் என்று எழுதுகிறீர்கள். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை நாங்கள் எப்படி நம்புவது? நீங்கள் பார்த்ததுண்டா?

பதில்: பார்த்திருக்கிறேன். மண்வெட்டி பிடித்தும் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

பல ஆண்டுகள் நிலத்தடி கேபிள்களில் பழுது தேடும் வேலை செய்தேன். மண்ணுக்கடியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கேபிளில் எங்கோ ஓர் இடத்தில் கோளாறு. முழுக்கத் தோண்ட முடியாது. மின்சாரத்தைத் துண்டித்து, எர்த் போட்டுச் சோதித்த பிறகு, கேபிளின் ஒரு முனையிலிருந்து மிகச் சிறிய ஒரு மின்துடிப்பை உள்ளே அனுப்புவோம். நாங்கள் அதைப் பல்ஸ் என்போம். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலிப்பது போல, கேபிள் அறுந்த இடத்தில் பட்டு அந்தப் பல்ஸ் திரும்பி வரும். திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடும். பல்ஸ் போன இடத்தில் ஒரு மேடு, திரும்பி வந்த இடத்தில் இன்னொரு மேடு. அறுந்திருந்தால் திரும்பி வரும் மேடு நிமிர்ந்திருக்கும், ஷார்ட் ஆகியிருந்தால் தலைகீழாகத் தொங்கும். இரண்டு மேடுகளுக்கும் இடையே உள்ள நேரத்தை வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் பழுது எத்தனை மீட்டரில் என்று தெரிந்துவிடும். போகவும் வரவும் சேர்த்த நேரம் அல்லவா, அதனால் பாதி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மழைக்கால இரவு. எதிரொலி 6 மைக்ரோ வினாடியில் வந்தது. மைக்ரோ வினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கருவி 468 மீட்டர் என்று காட்டியது. அளந்து, குறி போட்டு, ஆட்களை வைத்துத் தோண்டினோம். இரண்டு மணி நேரம் கழித்துக் கேபிள் தெரிந்தது. ஒரு கீறல்கூட இல்லை. நனைந்துகொண்டு நின்ற மூத்த மெக்கானிக் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வேகம் என்ன வெச்சிருக்கே?"

முந்தின நாள் வேறொரு இடத்தில் பழைய பேப்பர் காப்புக் கேபிளைச் சோதித்திருந்தேன். அதற்கான வேகமே கருவியில் அப்படியே இருந்தது: மைக்ரோ வினாடிக்கு 156 மீட்டர். இன்றைய கேபிளோ பிளாஸ்டிக் காப்பு போட்டது. அவர் என்னை அதே கேபிளின் பழுதில்லாத இன்னொரு ஃபேஸில், அதாவது கேபிளுக்குள் தனித்தனியாக ஓடும் கம்பிகளில் இன்னொன்றில், பல்ஸ் விடச் சொன்னார். அது கடைசி முனை வரை போய் 14 மைக்ரோ வினாடியில் திரும்பியது. பதிவேட்டில் கேபிளின் நீளம் 1,190 மீட்டர். போக வர 2,380 மீட்டர். 14-ஆல் வகுத்தால் 170. வேகத்தை 170 என்று மாற்றியதும் அதே 6 மைக்ரோ வினாடி 510 மீட்டர் ஆனது. அங்கே தோண்டினோம். ஜாயின்டுக்குள் தண்ணீர் இறங்கி, உள்ளே கம்பி பிரிந்து கிடந்தது.

மைக்ரோ வினாடிக்கு 170 மீட்டர் என்றால் வினாடிக்கு 1,70,000 கிலோமீட்டர். அந்த எண்ணை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அன்றிரவு அளந்தேன். பதினான்கு மீட்டர் வேகம் பிசகியதற்கு நாற்பத்திரண்டு மீட்டர் தள்ளிப் பள்ளம் தோண்டினோம்.

அந்த இரவு வேறொன்றையும் புரிய வைத்தது. இரண்டு கேபிளிலும் உள்ளே இருந்தது உலோகக் கம்பிதான். மாறியது வெளியே சுற்றியிருந்த காப்பு. காப்பை மாற்றினால் வேகம் மாறுகிறது! ஓடுவது கம்பிக்குள் மட்டும் என்றால் இப்படி நடக்கவே கூடாது. அலை ஓடும் பாதை கம்பியைச் சுற்றியுள்ள இடம்தான்; கம்பி அதற்குத் தண்டவாளம் மாதிரி வழி காட்டுகிறது. சுற்றிலும் காற்று மட்டுமே உள்ள மேல்நிலைக் கம்பிகளில் வேகம் ஒளியின் வேகத்தை, அதாவது வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரை, நெருங்கிவிடும். டிவிக்கு வரும் வகைக் கேபிளில் பாலிஎதிலீன் காப்பு கெட்டியாக நிரப்பியிருந்தால் அது மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து 2 லட்சம் ஆகும். கம்பி செம்பா அலுமினியமா என்பது இந்தக் கணக்கில் பெரிதாக வராது.

கேள்வி: வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம், முன்னும் பின்னும் ஆடும் என்கிறார்கள். அப்படியானால் மின் நிலையத்தில் புறப்படும் எலக்ட்ரான் எங்கள் வீட்டுக்கு வருவதே இல்லையா? பிறகு எதற்கு நாங்கள் கட்டணம் கட்டுகிறோம்?

பதில்: வருவதே இல்லை. மேலே சொன்ன அதே கம்பியில், அதே ஒரு ஆம்பியர், வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடினால், எலக்ட்ரான் கூட்டம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. உங்கள் வீட்டுக் கம்பிக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் அந்தக் கம்பியோடு வந்தவை. மின்மாற்றி ஒன்று இடையில் இருந்தால், அந்தப் பக்கத்துக் கம்பிக்கும் இந்தப் பக்கத்துக் கம்பிக்கும் தொடர்பே கிடையாது.

கட்டணம் எலக்ட்ரானுக்கு அல்ல, ஆற்றலுக்கு. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மரம் அறுக்கும் ரம்பத்தைப் பாருங்கள். ரம்பம் முன்னே போகிறது, பின்னே வருகிறது; நாள் முடிவில் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் மரம் அறுபட்டுவிடுகிறது. கூலி அறுத்த வேலைக்குத்தான், ரம்பம் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. மீட்டரில் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் செலவழிக்கும் ஆற்றல், 36 லட்சம் ஜூல். அந்த ஆற்றல் எந்த வழியாக வருகிறது என்பதை ஜான் ஹென்றி பாய்ன்டிங் என்ற ஆங்கில இயற்பியலாளர் 1884-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்: கம்பியைச் சூழ்ந்திருக்கும் மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்துதான் அதைச் சுமந்து வருகின்றன. பழுது பார்க்கப் போன இடத்தில் எனக்குக் கேபிள் சொன்னதும் இதைத்தான்.

கேள்வி: மின்சாரத்தின் வேகத்தை முதலில் அளந்தவர் யார்?

பதில்: அளக்க முயன்றவர்கள் பலர், முதலில் எல்லோரும் தோற்றார்கள். 1746-ல் பிரான்சில் ழான் அந்துவான் நொல்லே என்ற பாதிரியார் சுமார் 200 துறவிகளை வட்டமாக நிற்க வைத்தார். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே இரும்புக் கம்பி. மொத்தச் சுற்று ஏறக்குறைய ஒரு மைல். மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் லெய்டன் ஜாடி ஒன்றை அந்த வட்டத்தில் இணைத்ததும் அத்தனை பேரும் ஒரே கணத்தில் துள்ளினார்கள். யார் முதலில், யார் கடைசியில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் லண்டனுக்கு அருகே வில்லியம் வாட்சன் பல மைல் நீளக் கம்பியில் முயன்றார். அவருக்கும் தாமதம் தட்டுப்படவில்லை. கண்ணும் காதும் போதாது என்பது மட்டும் உறுதியானது.

1834-ல் சார்லஸ் வீட்ஸ்டன் செய்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. சுமார் அரை மைல் கம்பி. அதன் இரு முனைகளிலும் நடுவிலும் தீப்பொறி பறக்க ஒவ்வொரு சிறு இடைவெளி. மூன்று பொறிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வருமாறு அமைத்து, வினாடிக்கு 800 முறை சுழலும் கண்ணாடி வழியே பார்த்தார். நடுப் பொறி கொஞ்சம் தாமதமானால், அதற்குள் கண்ணாடி துளி திரும்பியிருக்கும். அதன் பிம்பம் மற்ற இரண்டிலிருந்து விலகித் தெரியும். விலகியே தெரிந்தது. காலத்தைத் தூரமாக மாற்றிக் கண்ணில் காட்டிய அந்த யோசனைக்கு நான் தலை வணங்குகிறேன். விடை மட்டும் தப்பு: வினாடிக்கு 2,88,000 மைல், அதாவது சுமார் 4.6 லட்சம் கிலோமீட்டர். ஒளியை மிஞ்சிய வேகம்.

1850-ல் ஃபிசோவும் கூனெலும் பிரான்சின் தந்திக் கம்பிகளில் அளந்தபோது இரும்பில் சுமார் 1 லட்சம், செம்பில் சுமார் 1.8 லட்சம் கிலோமீட்டர் என்று வந்தது. ஆளுக்கொரு எண். 1857-ல் குஸ்டாஃப் கிர்கோஃப், தடை மிகக் குறைவாக உள்ள கம்பியில் மின் அலை ஒளியின் வேகத்தில் ஓடும் என்று கணக்கின் வழியே நிறுவினார். தடையும், கம்பியின் சூழலும் சேர்ந்து அலையை மெதுவாக்குகின்றன, சில நேரம் உருவத்தையே குலைக்கின்றன.

குலைந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த ஆண்டே உலகம் பார்த்தது. 1858-ல் அட்லான்டிக் கடலடியில் போட்ட முதல் தந்திக் கேபிள் வழியே விக்டோரியா அரசி அமெரிக்க அதிபர் புக்கானனுக்கு 98 சொற்களில் வாழ்த்து அனுப்பினார். அது போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் ஆனது. நீண்ட கேபிளும் சுற்றியிருந்த கடல் நீரும் சேர்ந்து பெரிய மின்தேக்கி போல நடந்துகொண்டதால், கூர்மையாக அனுப்பிய ஒவ்வொரு துடிப்பும் மறுமுனையில் இழுத்துப் பரப்பிய மாதிரி மங்கலாக வந்தது. ஒரு துடிப்பு அடங்கும்வரை அடுத்ததை அனுப்ப முடியாது. எதுவும் சரியாக விளங்காததால் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேகமாக ஓடுவது வேறு, தெளிவாகப் போய்ச் சேருவது வேறு என்று தந்தி நிறுவனத்தார் பெரும் பணத்தை இழந்து கற்றுக்கொண்டார்கள்.

கேள்வி: மின்சாரம் அவ்வளவு வேகம் என்றால் எங்கள் பழைய டியூப் லைட் ஏன் கண் சிமிட்டிச் சிமிட்டி எரிகிறது?

பதில்: மின்சாரம் எப்போதோ வந்துவிட்டது, லைட்தான் தயாராகவில்லை. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் தகடு சூடாகி வளைந்து ஒட்ட வேண்டும், குழாயின் இரு முனை இழைகளும் காய வேண்டும், பிறகு தகடு ஆறி விலகும் நொடியில் சோக் ஒரு பெரிய மின்னழுத்தத்தைத் தர வேண்டும். முதல் முயற்சியில் பற்றாவிட்டால் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. அடிக்கடி சிமிட்டினால் முதலில் ஸ்டார்ட்டரை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: நம் நரம்புகளில் ஓடுவதும் மின்சாரம்தானே? மூளையின் கட்டளையும் ஒளி வேகத்தில்தான் போகிறதா?

பதில்: இல்லை, வெகு தூரம் பின்தங்கி இருக்கிறது. ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல் தவளையின் நரம்பில் அளந்தபோது கிடைத்தது வினாடிக்குச் சுமார் 27 மீட்டர். அதற்கு முன் இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியரே எண்ணியிருந்தார்.

நரம்பு, கம்பியைப் போல வேலை செய்வதில்லை. நரம்பிழையின் சவ்வில் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. ஒரு கதவு திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்தால், அந்த மாற்றம் பக்கத்துக் கதவைத் திறக்கும், அது அடுத்ததை. ஒவ்வொரு இடத்திலும் திறக்கும் நேரம் செலவாகிறது. கொழுப்புறை சுற்றிய இழைகளில் செய்தி இடைவெளி விட்டுத் தாவிப் போவதால் வினாடிக்கு 50 மீட்டர், அதற்கு மேலும்கூட எட்டும். உறை இல்லாத மெல்லிய இழைகளில் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்துதான் போகும்.

இதை உங்கள் உடம்பிலேயே நீங்கள் அளந்திருப்பீர்கள். இருட்டில் கால் விரல் கட்டில் காலில் இடித்துக்கொள்கிறது. இடித்தது உடனே தெரிகிறது, சுருக்கென்ற முதல் வலியும் கூடவே வருகிறது. காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பெரிய வலி இல்லை போலிருக்கிறதே" என்று நினைக்கிறீர்கள். தொட்டதைச் சொல்லும் செய்தி உறை சுற்றிய இழையில் முன்பே வந்துவிட்டது. மெல்லிய இழையில் புறப்பட்டது இன்னும் முழங்காலைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வினாடி, ஒன்றரை வினாடி. அப்புறம்தான் அந்தக் கடுத்த வலி வந்து சேரும்.